பரமபதப் படமும் கைபேசித் திரையும்

மாலை வேளையில் தாணே நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் ஏறி முலுண்ட் வரை பயணம் செய்வோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. நிற்கவும் இடமின்றி நெருக்குண்டு நிற்கும் இளைஞர்கள், ஒரு கையால் மேலே தொங்கும் பிடியைப் பற்றியவாறு, மற்றொரு கையிலுள்ள கைபேசியில் ஏதோ ஒரு விளையாட்டில் ஆழ்ந்திருப்பார்கள். அருகில் நிற்கும் முதியவர் தலையை அசைத்து, "காலம் கெட்டுப் போயிற்று" என்று நொந்து கொள்வார். நாமும் பல நாள் அவ்வாறே நொந்து கொண்டவர்கள்தாம். ஆயினும் விளையாட்டு என்பது காலத்தை வீணாக்கும் கருவி மட்டுமே என்று முடிவு கட்டுமுன், அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நன்று. இளைஞருக்குத் தொற்றுநோயைப் பற்றிய அறிவை ஊட்டுவதற்கு இக்கைபேசி விளையாட்டே ஒரு காலத்தில் பயன்பட்டது. அம்முயற்சி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. அதன் கதை, நாம் குடியேறி வாழும் இம்மாநகரின் கதையோடும் பின்னிக் கிடக்கிறது.

விளையாட்டின் வாயிலாகப் பாடம் புகட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் வீடுகளில் விரிக்கப்படும் பரமபத சோபானப் படத்தை அறியாதார் யார்? தாயக்கட்டை உருளும், நற்குணத்தின் பெயர் கொண்ட ஏணி மேலே ஏற்றும், தீக்குணத்தின் பெயர் கொண்ட பாம்பு கீழே இறக்கும். பரமபதத்துக்குச் சற்றே கீழே வாய் பிளந்திருக்கும் நெடும்பாம்பு, ஏறக்குறைய வென்றுவிட்டவனையும் அடித்தளத்துக்கே கொண்டு சேர்த்துவிடும். இதே விளையாட்டை மராத்தியர் மோட்சபடம் என்பர்; ஞானேசுவரர் வகுத்ததென்று அவர்தம் மரபு கூறும். வட நாட்டில் அதற்கு ஞான சௌபடம் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கில நாட்டுக்குச் சென்று, குழந்தைகள் ஆடும் பாம்பும் ஏணியுமாக மாறிற்று. எழுத்தறியாத பாட்டியும் எழுத்துக் கூட்டும் பேரனும் ஒரே படத்தின் முன் அமர்ந்து, வினையும் பயனும் பற்றிய பாடத்தைச் சிரித்துக்கொண்டே கற்ற பள்ளிக்கூடம் அது.

ஆனால் அப்படத்திலே ஒரு நுட்பமான அபாயமும் உண்டு. அங்கே கீழே விழுகிறவன் தன் குற்றத்தால் விழுகிறான். பாம்பின் வாய்ப்பட்டவனைக் கண்டால், "என்ன பாவம் செய்தானோ" என்றுதான் நமக்குத் தோன்றும். அறத்தைக் கற்பிக்க அது போதும். நோயைக் கற்பிக்கும்போது இந்த எண்ணம் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதை இவ்வூரின் வரலாறு காட்டுகிறது.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ், தாம் பார்த்த நோயாளி ஒருவருக்குக் கண்டிருப்பது பிளேக் என்று கண்டறிந்தார். சில மாதங்களில் நகரமே நடுங்கிற்று. இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதன்முதலாக இரயில் ஓடிய அதே இருப்புப்பாதை, இப்போது அஞ்சி ஓடுவோரைச் சுமந்து சென்றது. ஓடியவர்களோடு நோயும் சென்றது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிளேக்கினால் மாண்டனர்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. ஐயத்துக்குரியவர்கள் மருத்துவமனைக்கும் ஒதுக்கிடங்களுக்கும் வலிந்து கொண்டு செல்லப்பட்டனர். பண்ட பாத்திரங்கள் வீதியில் வீசப்பட்டன. சுவர்களில் சுண்ணாம்பு பூசப்பட்டது. ஆனால் எதற்காக இவையெல்லாம் என்று மக்களுக்கு விளங்குமாறு சொன்னவர் மிகச் சிலரே. உண்மை என்னவெனில், சொல்ல வேண்டியவர்களுக்கே அப்போது முழுவதும் தெரியாது. நோயின் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டுவிட்டார். ஆயினும் எலியிடமிருந்து மனிதனுக்கு அதைக் கொண்டு வருவது தெள்ளுப்பூச்சி என்பதைச் சிமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1898-ல்தான் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். அதை அறிஞருலகம் ஏற்றுக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் கழிந்தன. எலி தப்பி ஓட, மனிதன் பிடிபட்டான். விளைவு என்ன? 1897 ஜூன் மாதம் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். 1898 மார்ச் மாதம் பம்பாயிலேயே கலகம் மூண்டது. நோயாளிகளை வீட்டார் ஒளித்து வைத்தனர். ஒளித்து வைத்த வீட்டில் நோய் ஒளிந்து பரவிற்று.

அதே வேளையில் அறிவின் விளக்கும் இவ்வூரில் ஏற்றப்பட்டது. வால்டெமர் ஹாப்கின் என்ற அறிஞர் கிராண்டு மருத்துவக் கல்லூரியின் சிறிய அறையில் பிளேக் தடுப்பு மருந்தை உருவாக்கி, 1897 ஜனவரி 10-ஆம் நாள் முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். 1899-ல் பரேலுக்கு மாற்றப்பட்ட அவருடைய ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடமென்று கருதி, 1898-ல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர், மாதுங்கா குடியிருப்புத் திட்டத்தில்தான் பின்னர் நம் தென்னாட்டவர் பலர் குடிபுகுந்தனர். மாதுங்காவின் மரநிழல் வீதிகளில் நடக்கும்போது, இவ்வீதிகள் ஒரு கொள்ளைநோயின் படிப்பினையாக வரையப்பட்டவை என்பதை நினைவிற் கொள்ளலாம். கட்டளை மட்டும் போதாது, மக்கள் மனமொப்பிக் கற்க வேண்டும் என்ற மற்றொரு படிப்பினை மட்டும் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்படவில்லை. அது கால வெள்ளத்தில் மெல்ல மெல்லவே உணரப்பட்டது.

ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்து மற்றொரு நோய் வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது 1986-ல் சென்னையிலே கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவியாயிருந்த நிர்மலா, தம் ஆசிரியை சுநிதி சாலமனின் வழிகாட்டலில், பெண்கள் சிலரின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வசதிகள் குறைவாயிருந்தமையால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்துக் காத்து, பின் இரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று சோதித்தார். சிலவற்றில் கிருமியின் அடையாளம் தென்பட்டபோது நாடே திடுக்கிட்டது. சுநிதி அம்மையார் மராத்திக் குடும்பமொன்றில் சென்னையிற் பிறந்தவர். தமிழகத்தையே தம் பணிக்களமாகக் கொண்டு, 2015-ல் மறையும்வரை அந்நோயாளிகளுக்காக உழைத்தவர். மராட்டிய மண்ணில் வாழும் தமிழராகிய நாம் நன்றியோடு நினைக்கத் தக்க கொடுக்கல் வாங்கல் இது.

எய்ட்ஸ் நோயைப் பற்றிப் பேசுவதில் பெருந்தடையாக நின்றது வெட்கம். பிளேக்கைப் பற்றி வீதியில் பேசலாம்; இதைப் பற்றி வீட்டிலும் பேச முடியாது. தந்தை மகனிடம் சொல்ல மாட்டார். ஆசிரியர் பாடத்தின் அப்பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே செல்வார். இந்த மௌனத்தை உடைப்பதற்காக 2002-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் இரயில் நிலையங்களிலும் பேருந்துகளிலும் பல்பீர் பாஷா என்ற கற்பனை மனிதனின் பெயர் திடீரெனத் தோன்றிற்று. அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று பலகைகள் கேட்டன. தமிழகத்திலும் புள்ளிராஜா என்ற பெயரில் அதே வினா சுவர்தோறும் எழுந்தது. ஊரெல்லாம் பேசிற்று, சிரித்தது, சிலர் சினந்தனர். ஆனால் வீதியிலுள்ள பலகையை நின்று நிதானமாகப் படிக்க இளைஞன் கூசுவான். அருகில் சித்தப்பா நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பான். அவன் தனிமையில், தன் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய கருவி ஒன்று வேண்டியிருந்தது.

அக்கருவி அப்போதுதான் மலிந்து கொண்டிருந்தது. இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. தொடக்கத்தில் அது செல்வந்தரின் அணிகலனாகவே இருந்தது. 1997-ல் நோக்கியா நிறுவனம் தன் கைபேசி ஒன்றில் பாம்பு விளையாட்டைச் சேர்த்தது. பரமபதப் படத்துப் பாம்பு உருமாறி மீண்டும் நம் கைக்கு வந்ததோ என்று வியக்கத் தோன்றும். 2003-ல் ரிலையன்ஸ் இன்போகாம் நிறுவனம் 501 ரூபாய் முன்பணம் கட்டினால் கைபேசி பெறலாமென்று அறிவித்தபோது, கடைகளின் முன் கூட்டம் முண்டியடித்தது. முலுண்டிலிருந்து ஐரோலிப் பாலத்தின் வழியே கழியைக் கடந்தால் சிறிது தொலைவிலுள்ள கோபர்கைர்ணேயில்தான் அந்நிறுவனத்தின் பெருவளாகம் அமைந்திருந்தது. ஓட்டுநரும் கூலித் தொழிலாளியும் கல்லூரி மாணவனும் கைபேசிக்காரர்களாயினர்.

இச்சூழ்நிலையில், தில்லியிலுள்ள இசட்.எம்.க்யூ. என்னும் மென்பொருள் நிறுவனம், 2005 டிசம்பர் முதல் நாளாகிய உலக எய்ட்ஸ் தினத்தன்று, நான்கு கைபேசி விளையாட்டுகளை ரிலையன்ஸ் இணைப்பின் வழியே வெளியிட்டது. எச்.ஐ.வி.யினின்றும் விடுதலை என்பது அம்முயற்சியின் பெயர்ப் பொருள். ஒன்று கிரிக்கெட் ஆட்டம்: காப்பான வழிகளை அறிந்து அடிப்பவனுக்கு ஓட்டங்கள் கிடைக்கும், அபாயமானவற்றில் அகப்பட்டவன் ஆட்டமிழப்பான். மற்றொன்றில் தூது செல்லும் பறவை பறந்து சென்று, ஆணுறைகளையும் செந்நாடாவையும் செய்திகளையும் வழங்கும். பாபு என்ற பாத்திரம் வினா எழுப்பும் வினாவிடை ஒன்றும், செந்நாடாவைத் துரத்தும் ஆட்டம் ஒன்றும் உடன் இருந்தன. இன்று நம் பிள்ளைகள் ஆடும் வண்ண விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் அவை மிக எளியவை. கட்டை விரலளவு திரையில் சில புள்ளிகளும் கோடுகளும் அசைந்தன, அவ்வளவே. ஆயினும் அம்முயற்சியின் கூர்மையை நாம் பாராட்ட வேண்டும். தந்தை சொல்லக் கூசியதையும் ஆசிரியர் புரட்டிச் சென்றதையும், யாரும் அறியாமல், யாரையும் கேட்காமல், இரயிலில் நின்றவாறே ஓர் இளைஞன் கற்றுக்கொள்ள அவை வழி செய்தன. தவறான விடை சொன்னால் நகைப்பார் எவருமில்லை, மறுமுறை ஆடலாம். பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கும் இவ்விளையாட்டுகள் அந்நாட்டு மொழிகளில் அமைத்து அனுப்பப்பட்டன.

அவ்விளையாட்டுகளைச் சுமந்த இணைப்பு நெடுங்காலம் வாழவில்லை. அந்நிறுவனம் பெயர் மாறி, கடனில் ஆழ்ந்து, 2017 டிசம்பர் முதல் நாளோடு தன் கைபேசிப் பேச்சுச் சேவையை நிறுத்திக்கொண்டது. விளையாட்டு பிறந்த நாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே உலக எய்ட்ஸ் தினத்தில் இது நேர்ந்தது. பரமபதப் படம் பல நூற்றாண்டு நின்றது. ஏனெனில் அதற்குத் துணியும் தாயக்கட்டையும் போதும். கைபேசி விளையாட்டோ, அதைத் தாங்கும் கருவி மாறிய அன்றே மறைந்துவிடுகிறது. இவ்வழியில் கற்பிக்க விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

அதே 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில், உலகின் பல பகுதியிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் கூடி ஆடும் கணிப்பொறி விளையாட்டு ஒன்றில் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. அவ்விளையாட்டின் ஒரு மூலையில் மட்டும் பரவ வேண்டுமென்று வகுக்கப்பட்ட கற்பனை நோய், ஆடுவோர் வளர்த்த கற்பனைப் பிராணிகள் வழியே வெளியேறி, கற்பனை நகரங்களில் பரவிற்று. ஆடுவோரில் சிலர் ஊரைவிட்டு ஓடினர். சிலர் தம் உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் குணப்படுத்த முற்பட்டனர். வேண்டுமென்றே நோயைப் பரப்பித் திரிந்தவரும் உண்டு. இறுதியில் நிறுவனத்தார் விளையாட்டையே திருத்தி அமைத்துத்தான் அதை ஒழிக்க முடிந்தது. லோப்கிரென், பெப்பர்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், உண்மைக் கொள்ளைநோயில் மனிதர் நடந்துகொள்ளும் முறையை அறிய இது உதவும் என்று 2007-ல் மருத்துவ இதழொன்றில் எழுதினர். 1896-ல் பம்பாயில் ஓடியவரையும் ஒளித்தவரையும் உயிரைப் பொருட்படுத்தாது பணி செய்தவரையும் அறிந்த நமக்கு, இது வியப்பளிக்கவில்லை. மனித மனம் மாறவில்லை. ஆடுகளம் மட்டுமே மாறியிருக்கிறது.

2012-ல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த கைபேசி விளையாட்டு ஒன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. பிளேக் இன்க். என்னும் அவ்வாட்டத்தில், ஆடுகிறவனே கிருமி! உலகெங்கும் பரவி மனிதகுலத்தை அழிப்பதே அவன் வெற்றி. கேட்கும்போதே மனம் கூசுகிறது. ஆனால் ஆடிப் பார்த்த பிள்ளைகள் ஓர் உண்மையைத் தாமே கண்டுகொண்டனர். முதலிலேயே கொடுமையாகத் தாக்கும் கிருமி விரைவில் பிடிபட்டுவிடும். ஆரவாரமின்றி, இருமலும் தும்மலுமாக, துறைமுகந்தோறும் விமான நிலையந்தோறும் பரவிவிட்ட பின் தன் கொடுமையைக் காட்டும் கிருமியே வெல்லும். பத்துப் பக்கப் பாடம் இரண்டு நாழிகை ஆட்டத்தில் மனத்திற் பதிந்துவிடுகிறது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்தார் இவ்விளையாட்டை ஆக்கியவரை 2013-ல் அழைத்துப் பேசச் செய்தனர். 2020 நவம்பரில், ஆடுகிறவன் கிருமியாயிராமல் நோயைத் தடுக்கும் பணியை மேற்கொள்ளும் மறுவடிவமும் வெளிவந்தது.

வரலாற்றின் விந்தை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கம் ஒரு கோளாறாகவே சேர்க்கப்பட்டது. ஓராண்டு கூடக் கழியவில்லை. 2020 மார்ச் மாதம், கொரோனா பரவிய வேளையில், விளையாட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி, விலகியிருந்தே சேர்ந்து விளையாடுங்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, அதே உலக சுகாதார நிறுவனம் அதனை வரவேற்றது. மருந்தும் நஞ்சும் அளவில்தான் வேறுபடும் என்று நம் முன்னோர் சொல்லியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நாட்களை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் நோயாளி அறியப்பட்டார். இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் எட்டு இலட்சத்துக்கும் மேலான மக்கள் வாழ்வதாகக் கணிக்கப்படும் அவ்விடத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட நம் முன்னோரின் வழித்தோன்றல்கள் ஆயிரமாயிரம் பேர் இருக்கிறார்கள். விலகியிருங்கள் என்றால், பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் எங்கே விலகுவது? மாநகராட்சியினரும் உள்ளூர் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தனர். பொதுக் கழிப்பிடங்களை இடைவிடாது தூய்மை செய்தனர். பள்ளிகளையும் மண்டபங்களையும் ஒதுக்கிடங்களாக்கி உணவளித்தனர். ஜூலை 10-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். 1897-லும் வீடு வீடாகச் சென்றனர், 2020-லும் சென்றனர். முன்னதில் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னதில் பெரும்பாலும் விளக்கிச் சொல்லி அழைத்துச் சென்றார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் சுகாதாரக் கல்வியின் வரலாறு.

முலுண்டிலும் அந்த ஜூலையிலே ரிச்சர்ட்சன் குருடாஸ் நிறுவனத்தின் பழைய வளாகத்தில் பெரிய கொரோனா சிகிச்சை மையம் எழுந்தது. நம் குடியிருப்பில் மூன்றாம் மாடியிலிருந்த மராத்தி அம்மையார் ஒருவர் நோயுற்றுச் சிகிச்சை முடிந்து குணமாகித் திரும்பினார். அவர் படியேறி வந்தபோது ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் சாத்தப்பட்டன. நம் வீட்டுக் கதவும் அவற்றுள் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. அப்போது பாட்டியோடு அமர்ந்திருந்த பத்து வயதுப் பிள்ளை, பள்ளியில்லா அந்நாட்களில் கிருமி விளையாட்டை ஓயாமல் ஆடிப் பழகியவன், வியப்போடு கேட்டான்: "ஏன் பாட்டி கதவைச் சாத்தினீர்கள்? காகூவுக்குத்தான் சரியாகிவிட்டதே. யாருக்கும் தெரியாமல் இருமிக்கொண்டு போகிறானே, அவனிடமல்லவா நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?" பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து சென்று கதவைத் திறந்து, முகத்தை முந்தானையால் மூடியவாறே, "சௌக்கியமா அம்மா? சாப்பாடு ஏதாவது அனுப்பட்டுமா?" என்று மேலே நோக்கிக் குரல் கொடுத்தார்.

அப்பிள்ளை தன் விளையாட்டிலிருந்து கண்டு சொன்னதற்கு ஒப்பானதொன்றை, சென்னை நகரம் ஆராய்ந்தே அறிந்திருந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை மையம் ஒன்றை அமைத்தன. காசநோயாளியைத் தொலைவிலுள்ள ஆரோக்கிய நிலையத்தில் ஒதுக்கி வைப்பதே முறை என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை அவர்தம் எளிய வீடுகளிலேயே வைத்தும், மற்றவரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும் ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தனர். 1959-ல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகையே மாற்றிற்று: வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர், நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் வீட்டாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. நோய் அறியப்பட்டு மருந்து தொடங்கிய பின் உள்ள அபாயத்தைக் காட்டிலும், அறியாமல் பழகிய நாட்களின் அபாயமே பெரிது. கதவைச் சாத்துவது பெரும்பாலும் காலங்கடந்த காவல். அது நோயைத் தடுப்பதைவிட நோயாளியின் மனத்தையே புண்படுத்தும்.

ஆகவே இளைஞருக்கு நோயைக் கற்பிக்கும் விளையாட்டுக்கு ஒரு கடமை உண்டு. கிருமியைப் பகையாகக் காட்டலாம். நோயாளியைப் பகையாகக் காட்டலாகாது. பரமபதப் படத்துப் பாம்பைப் போல, விழுந்தவனைப் பாவியாக்கும் விளையாட்டு நோயை ஒளிக்கவே கற்பிக்கும். சொற்களும் இவ்வாறே தீங்கு செய்யும் என்பதை, அரசாங்க மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அனுபவத்தால் அறிவோம். காசநோய் இருக்கலாமென்று கருதப்பட்டவரை ஐயத்துக்குரியவர் என்றும், மருந்தை இடையில் நிறுத்தியவரைக் கடமை தவறியவர் என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் நெடுங்காலம் வழங்கி வந்தன. நாமும் அவற்றை அப்படியே தமிழாக்கி வந்தோம். ஐயத்துக்குரியவர் என்பது காவல் நிலையச் சொல்லல்லவா? 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அச்சொற்களை மாற்றி, குற்றம் சாட்டாத சொற்களை வகுத்தபோதுதான், நம் பேனா எத்தனை பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது என்று உறைத்தது. விளையாட்டை ஆக்குவோரும் தம் படங்களையும் சொற்களையும் இத்தராசிலே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

விளையாட்டால் எல்லாம் ஆகிவிடும் என்று நாம் கூறவரவில்லை. கைகழுவக் கற்பிக்கும் விளையாட்டு குழாயில் தண்ணீர் கொண்டு வராது. காற்றோட்டமில்லாத அறைக்கு அது சாளரம் வைக்காது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் இன்னும் இம்மாநகரை வாட்டுகிறது. மாதக்கணக்கில் நாள் தவறாது மருந்துண்ண வேண்டிய பொறுமையை, ஐந்து நிமிடத்தில் வெற்றி தரும் ஆட்டம் கற்பிக்குமா என்பதும் சிந்திக்கத் தக்கது. மேலும், விளையாட்டில் இறந்தவன் மறுமுறை எழுந்து ஆடுவான், வாழ்க்கையில் அப்படியில்லை. இவ்வேற்றுமையை எடுத்துச் சொல்ல, அருகில் பெரியவர் ஒருவர் வேண்டும்.

இங்கேதான் பரமபதப் படம் நமக்கு வழிகாட்டுகிறது. அதைப் பிள்ளைகள் தனியே ஆடுவதில்லை. பாட்டி உடனிருப்பாள், பாம்பின் கதையையும் ஏணியின் கதையையும் தமிழிலே சொல்வாள். பாடத்தில் பாதி படத்தில் இருந்தது. மறு பாதி அவள் வாயில் இருந்தது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விளையாடுகிறார்கள். நோயின் பெயரையும் அம்மொழிகளிலேயே அறிகிறார்கள். தொற்று என்றால் என்ன, ஒட்டுவாரொட்டி என்று நம் முன்னோர் எதைச் சொன்னார்கள், அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகியது எதற்காக என்பவற்றை, அவர்களோடு அமர்ந்து ஆடும் நாம்தான் சொல்ல வேண்டும். நாம் சொன்னால் அவர்களும் தாம் அறிந்ததை நமக்குச் சொல்வார்கள். சாத்திய கதவு திறப்பதும் அப்படித்தான்.

அடுத்த முறை முலுண்ட் இரயிலில் ஓர் இளைஞன் திரையில் ஆழ்ந்திருக்கக் கண்டால், காலம் கெட்டது என்று நொந்து கொள்ளுமுன், "என்ன விளையாடுகிறாய் தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம். அவன் சொல்லும் விடையில் நாம் கற்க வேண்டியதும் ஏதேனும் இருக்கக்கூடும்.